பிரவுசரில் எஃப்டிபி போன பிறகு: எக்ஸ்ப்ளோரர், ஃபைல்ஸில்லா, கர்ல் நெடுநாள் பயன்பாட்டில்

2021 ஜனவரியில் வந்த குரோம் 88, சர்வரில் ஃபைல்களை ஏற்றி இறக்கும் பழைய முறையான எஃப்டிபியை அணைத்தது. அக்டோபரில் வந்த 95இல் அதற்கான நிரலையே எடுத்துவிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 88உம் அணைத்தது, ஆனால் செட்டிங்கை மாற்றி மீட்க முடிந்தது. ஜூலையில் 90 வந்ததும் அந்தக் கதவும் மூடிவிட்டது. "அந்த செட்டிங்கை ஆன் பண்ணுங்க" என்று சொல்லும் பழைய குறிப்புகள் இன்றைக்கு உதவாது. இதற்காகப் பழைய பிரவுசரைத் தேடி நிறுவுவது வம்பை விலைக்கு வாங்குவது.

முதலில் முகவரியின் தொடக்கத்தில் இருக்கும் எஃப்டிபியை எச்டிடிபிஎஸ் ஆக்கிப் பாருங்கள். குனு (கட்டற்ற மென்பொருள் திட்டம்), என்சிபிஐ (அமெரிக்க உயிரியல் தகவல் மையம்) போன்ற பொதுக் களஞ்சியங்கள் அப்படியே திறக்கும். இரண்டு சாய்கோட்டுக்குப் பின் வரும் சர்வர் பெயரிலும் எஃப்டிபி என்று இருக்கலாம், அதில் கைவைக்காதீர்கள்.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் எஃப்டிபி முகவரி இன்னும் திறக்கும். அவசரத்துக்கு ஒரு ஃபைலை இறக்கப் போதும். ஆனால் இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் கிடையாது, பாஸ்வேர்ட் அப்பட்டமாகப் போகும், பிழைச் செய்தியிலும் உருப்படியாக ஒன்றும் இருக்காது. மேக்கின் ஃபைண்டரில் இறக்கலாம், ஏற்ற முடியாது. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் வரும் எஃப்டிபி கட்டளைக்குப் பாசிவ் மோடே (டேட்டா இணைப்பையும் நம் பக்கமிருந்தே தொடங்கும் முறை) தெரியாது. அதனால் லாகின் ஆகும், பட்டியல் கேட்டதும் பெரும்பாலும் தொங்கிவிடும்.

தினசரி வேலைக்கு எஃப்டிபி மென்பொருளான ஃபைல்ஸில்லாதான் நிலைத்தது. காரணம் அதன் லாக். லாகின் வெற்றி, ஆனால் ஃபோல்டர் பட்டியல் வராமல் 20 விநாடியில் டைம்அவுட் என்றால், லாகில் 227 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதில் ஆறு எண்கள் இருக்கும். உதாரணமாக 192,168,1,20,195,80. முதல் நான்கும் சர்வர் சொல்லும் ஐபி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் பட்டியலும் ஃபைலும் போகும் டேட்டா போர்ட்: 195 × 256 + 80 = 50000. இந்த ஒரு வரியிலேயே இரண்டு கோளாறுகளைப் பிடிக்கலாம். 192.168 என்பது உள் நெட்வொர்க் ஐபி. வெளியிலிருந்து அங்கே போக முடியாது. ஃபைல்ஸில்லா அதை ஒதுக்கிவிட்டு சர்வரின் வெளி ஐபியையே பிடித்துக்கொள்ளும், எல்லா கிளையன்ட்டும் அப்படிச் செய்யாது. ஐபி சரியாகியும் தொங்கினால், 50000 போர்ட் பெரும்பாலும் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கும். கட்டளைகள் போகும் போர்ட் 21ஐ மட்டும் திறந்தால் லாகின்தான் ஆகும். சர்வரில் பாசிவ் போர்ட்களை 50000 முதல் 50100 வரை என்று வரையறுத்து, அதே வரம்பை ஃபயர்வாலிலும் ரவுட்டரிலும் திறந்து, வெளி ஐபியையும் சர்வர் செட்டிங்கில் எழுதிவிடுங்கள்.

"சாதா எஃப்டிபி ஓடியது, டிஎல்எஸ் போட்டதும் நின்றது" என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதே வேர்தான். பல ரவுட்டர்கள் 227 வரியைப் படித்து ஐபியைத் திருத்தி, போர்ட்டையும் தாமாகத் திறந்துவிடும். டிஎல்எஸ் வந்ததும் அந்த வரி அவற்றுக்குப் புரியாது.

ஃபைல்ஸில்லாவில் ஒரு குறை: மாஸ்டர் பாஸ்வேர்ட் போடாவிட்டால், சேமித்த பாஸ்வேர்டுகள் பேஸ்64 வடிவில்தான் கிடக்கும். அது பூட்டே அல்ல, யாரும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம். செட்டிங்ஸில் இன்டர்ஃபேஸ், பாஸ்வேர்ட்ஸ் என்று போய் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஸ்கிரிப்டுகளுக்கு, கட்டளை வரியில் ஓடும் கர்ல். பாஸ்வேர்டை முகவரிக்குள்ளேயே எழுதினால், அதில் வரும் @ குறியை %40 என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் @க்குப் பின்னுள்ளதை சர்வர் பெயராகக் குழப்பிக்கொள்ளும்.

எஸ்எஃப்டிபி பெயரில் ஒத்திருந்தாலும் வேறு சாதி: போர்ட் 22, எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்கிய தொலை இணைப்பின் மேல் ஓடும், பாசிவ் தொல்லையே இல்லை. பழைய நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியோடு எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 அல்லது அதற்குப் பிந்தையது இணைய மறுத்தால், பலவீனமான பழைய ஷா-1 கையொப்பம் கொண்ட ஆர்எஸ்ஏ விசை முறையை அது இயல்பாக ஏற்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம். கான்ஃபிக் ஃபைலில் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள், எல்லா ஹோஸ்டுக்கும் வேண்டாம்.