வைனும் என் டிஎக்ஸ்டி கோப்புகளும்: ஆறு வருட அனுபவம்

தஞ்சாவூரில் பக்க வடிவமைப்பு செய்யும் அக்கா ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "தம்பி, நீ லினக்ஸ்லதானே வேலை பாக்குற? வைன் பத்து வந்திருக்காமே, ஏத்திக்கலாமா?" வைன் என்பது விண்டோஸ் நிரல்களை லினக்ஸ் கணினியில் ஓட்ட உதவும் மென்பொருள். வேறு நாளாக இருந்தால் "ஏத்துங்கக்கா" என்று சொல்லி வைத்திருப்பேன். அதற்கு முந்தைய நாள்தான் அதே வைன் 10ஐ ஏற்றி ஒரு முழு மாலையைப் பறிகொடுத்திருந்தேன். அதனால் பதில் அரை மணி நேரம் நீண்டது. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு சிறுகதைத் தொகுப்பின் மெய்ப்பு, இரவுக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஆசிரியர் அனுப்பிய திருத்தங்கள் சாதாரண டிஎக்ஸ்டி கோப்பில், அதாவது வெறும் எழுத்து மட்டும் உள்ள கோப்பில், இருந்தன. டபுள் கிளிக் செய்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய விண்டோஸ் ஜன்னல் திறந்தது. அதற்குள் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, மறுபடி அதே ஆர் என்று பக்கம் முழுக்க ஓடியது. பகீரென்றது. கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

கோப்பு கெடவில்லை. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு எழுத்துக் குறியும், எழுத்தை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், மூன்று பைட் எடுக்கும். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டே வகைதான். அதைப் பழைய மேற்கத்திய எழுத்துத் தொகுதியாக நினைத்துப் படித்தால் அந்த ஏயும் ஆரும்தான் திரும்பத் திரும்ப வரும். வைனோடு வரும் நோட்பேட், கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 அடையாளம் இல்லாவிட்டால் அப்படித்தான் படிக்கிறது. எதையும் சேமிக்காமல் மூடினேன். இதே கதி உங்களுக்கு வந்தால் நீங்களும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும்.

வைன் எனக்கு எதற்கு என்று கேட்கலாம். மறுபதிப்பு வேலைதான் காரணம். இருபது வருடத்துக்கு முன்பு பேஜ்மேக்கர் என்ற விண்டோஸ் பக்க வடிவமைப்பு நிரலில், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் கட்டிய புத்தகங்களைப் பதிப்பகங்கள் இன்றும் குறுந்தகட்டில் எடுத்து வருகின்றன. அவற்றைத் திறக்காமல் யூனிகோடுக்கு மாற்ற முடியாது. 2019இல் வைன் 4.0ஐ நிறுவி அந்த வேலையைத் தொடங்கினேன். இதுவரை ஒரு புத்தகத்தைக்கூட "திறக்க முடியவில்லை" என்று திருப்பி அனுப்பியதில்லை. 1993இல் தொடங்கிய திட்டம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நாலு ஜிபி நினைவகம் கொண்ட என் பழைய மடிக்கணினியில் அது ஓடுகிறது. அதை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது இல்லாவிட்டால் எத்தனையோ புத்தகங்கள் அந்தக் குறுந்தகடுகளிலேயே கிடந்திருக்கும்.

ஆனால் மேம்படுத்தும்போதெல்லாம் என் கோப்புகளை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வைனுக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு நிலைப் பதிப்பு வருகிறது. புதிய பதிப்பை ஏற்றி முதல்முறை எதையாவது திறந்தால், உள்ளமைவு புதுப்பிக்கப்படுகிறது, காத்திருங்கள் என்று ஒரு சின்ன ஜன்னல் வரும். அந்தச் சில நொடிகளில், தான் திறக்கக்கூடிய கோப்பு வகைகளுக்கெல்லாம் வைன் தன் பெயரை எழுதி வைத்துவிடும். ஒரு வருடம் ஆர்டிஎஃப் கோப்புகள் அதன் வேர்ட்பேடில் திறந்தன. இன்னொரு வருடம் டிஎக்ஸ்டி. ஒவ்வொரு முறையும் வலது கிளிக் செய்து, எதில் திறக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, எப்போதும் இதிலேயே என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

இந்த முறை கோபம் வந்ததற்குக் காரணமே அதுதான். டிஎக்ஸ்டியை நான் ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்தேன். சரிசெய்தது எப்படிக் கெட்டது?

கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, எந்தக் கோப்பை எந்த நிரல் திறக்கும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி-மைம் என்ற கருவியிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இந்தக் கோப்பு என்ன வகை? டெக்ஸ்ட்/பிளெய்ன், அதாவது வெறும் எழுத்து. அந்த வகையைத் திறப்பது யார்? வைன்-எக்ஸ்டென்ஷன்-டிஎக்ஸ்டி.டெஸ்க்டாப். டெஸ்க்டாப் என்று முடிவது ஒரு நிரலை லினக்ஸுக்கு அறிமுகப்படுத்தும் சின்னக் கோப்பு, இது வைன் எழுதியது. அப்புறம் வீட்டுக் கோப்புறைக்குள், மறைந்திருக்கும் டாட் கான்ஃபிக் கோப்புறையில் உள்ள மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்ற கோப்பைத் திறந்தேன். ஆறு வருடத்தில் அதைத் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

திறந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். மெய்ப்புப் பார்ப்பவன் கண்ணுக்கு அது அவ்வளவு அழகான கோப்பு. வரிக்கு ஒரு வகை, சமக் குறி, அந்தப் பக்கம் அதைத் திறக்கும் நிரலின் பெயர். வலது கிளிக் செய்து நான் சொன்னதெல்லாம் வரிவரியாக அதில் இருந்தது. டெக்ஸ்ட்/பிளெய்ன் வரியும் இருந்தது. அதற்கு நேராக ஓஆர்ஜி.க்னோம்.ஜிஎடிட்.டெஸ்க்டாப் என்று எழுதியிருந்தது. ஜிஎடிட் என்பது நான் தேர்ந்தெடுத்திருந்த எழுத்துத் திருத்தி. பார்த்த உடனே புரிந்துவிட்டது.

அதே வார இறுதியில் வைனோடு சேர்த்து லினக்ஸையும் மேம்படுத்தியிருந்தேன். 2021இல் நிறுவியதை நாலு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். இடையில் 2022இல் வந்த, லினக்ஸின் டெஸ்க்டாப் சூழலான க்னோமின் 42ஆம் பதிப்பு, ஜிஎடிட்டை விலக்கிவிட்டு டெக்ஸ்ட் எடிட்டர் என்ற புதிய நிரலை அதன் இடத்தில் வைத்துவிட்டது. மேம்படுத்திய பிறகு, தேவையில்லாதவற்றை நீக்கும் கட்டளையை நான் ஓட்டியபோது ஜிஎடிட்டும் போய்விட்டது. என் பட்டியல் வரி மட்டும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றால் லினக்ஸ் உங்களிடம் கேட்காது. அந்த வரியைத் தாண்டி, இந்த வகையைத் திறக்கிறேன் என்று வேறு யார் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடும். தேடும்போது கணினிக்குப் பொதுவான கோப்புறைக்கு முன்னால் பயனரின் சொந்தக் கோப்புறையைத்தான் பார்க்கும். வைன் தன் பெயரை எழுதி வைப்பது அந்தச் சொந்தக் கோப்புறையில்.

ஆக, தப்பு முழுக்க வைனுடையது என்று சொல்ல முடியாது. பாதி, பெயர் மாற்றம் செய்த வேலை. நிரலை மேம்படுத்தும்போது அதன் டெஸ்க்டாப் கோப்பின் பெயர் மாறுவது அடிக்கடி நடக்கிறது. பிடிஎஃப் திறக்கும் எவின்ஸ் ஒரு காலத்தில் வெறும் எவின்ஸ்.டெஸ்க்டாப். பிறகு ஓஆர்ஜி.க்னோம்.எவின்ஸ்.டெஸ்க்டாப் ஆனது. ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் வரும் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்ஃபாக்ஸ்_ஃபயர்ஃபாக்ஸ் என்று பெயர் இரட்டிப்பாகும். நிரல் அதேதான், ஆனால் பட்டியலைப் பொறுத்தவரை அது வேறு ஆள்.

அந்த வரியில் ஓஆர்ஜி.க்னோம்.டெக்ஸ்ட்எடிட்டர்.டெஸ்க்டாப் என்று மாற்றிச் சேமித்தேன். டபுள் கிளிக் செய்தேன். தமிழ் தமிழாகத் திறந்தது. கணினியை மறுபடி தொடங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விண்டோஸில் இந்தத் தேர்வு ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புக் கிடங்குக்குள் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டோடு பூட்டப்பட்டிருக்கும். கையால் மாற்றினால் ஏற்காது, செட்டிங்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கும் நியாயம் இருக்கிறது. கண்ட நிரலும் உங்கள் கோப்புகளைப் பிடித்துக்கொள்ள அது விடாது. ஆனாலும் என் கோப்பை எது திறக்க வேண்டும் என்பதை நானே ஒரு வரியில் எழுதித் திருத்த முடிகிறதே, அந்த நிம்மதி எனக்கு லினக்ஸில்தான் கிடைத்தது. அந்தப் பட்டியலை இப்போது ஒரு பென் டிரைவிலும் நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

அத்தோடு விட்டிருந்தால் அடுத்த ஜனவரியிலும் இதே கதைதான். வேரைத் தேடினேன். வைன்மெனுபில்டர் என்ற சின்ன நிரல்தான் இதையெல்லாம் எழுதுகிறது. வைனின் அமைப்புகளை மாற்றும் வைன்சிஎஃப்ஜியைத் திறந்து டெஸ்க்டாப் இன்டக்ரேஷன் பக்கத்துக்குப் போனால், கோப்புத் தொடர்புகளை நிர்வகிக்கட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உள்ள குறியை எடுத்துவிட்டால் புதிதாக எழுதாது. ஏற்கெனவே எழுதியதை நாம்தான் அழிக்க வேண்டும். வீட்டுக் கோப்புறையில் டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ். அங்கே வைன்-எக்ஸ்டென்ஷன் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் நீக்கிவிட்டு, அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் கட்டளையை அந்தக் கோப்புறையின் மேல் ஓட்ட வேண்டும். பக்கத்திலேயே மைம் கோப்புறைக்குள் பேக்கேஜஸ் இருக்கும். அதில் எக்ஸ்-வைன் என்று தொடங்குபவற்றை நீக்கி, அப்டேட்-மைம்-டேட்டாபேஸை ஓட்ட வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கட்டத்தை ஒரு முறை மாற்றினால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. வைனில் ஒவ்வொரு பிரிஃபிக்ஸும், அதாவது ஒவ்வொரு தனி விண்டோஸ் கோப்புறையும், தன் அமைப்பைத் தானே வைத்துக்கொள்கிறது. எழுத்துரு மாற்றிக்காக நான் வைத்திருக்கும் இரண்டாவது பிரிஃபிக்ஸில் அந்தக் குறி அப்படியே இருந்தது. மறுநாள் காலை அதைத் திறந்ததும் வைன்-எக்ஸ்டென்ஷன் கோப்புகள் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டன. வைன்மெனுபில்டரையே ஒரு சூழல் மாறி, அதாவது நிரல் தொடங்கும்போது படிக்கும் ஒரு அமைப்பு, வைத்து மொத்தமாக முடக்கவும் வழி உண்டு. அப்படிச் செய்தால் புதிதாக நிறுவும் நிரல்களுக்கு மெனுவில் குறுக்குவழியும் வராது. எனக்கு அது வேண்டும், அதனால் முடக்கவில்லை.

புதிதாக வருபவருக்கு இந்த வசதி வேண்டியதுதான் என்று எனக்கும் தெரிகிறது. ஒரு விண்டோஸ் நிரலை நிறுவினால் அதன் கோப்புகள் டபுள் கிளிக்கில் திறக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். பேஜ்மேக்கர் கோப்பை வைன் எடுத்துக்கொள்ளட்டும், லினக்ஸில் அதற்கு வேறு நாதி இல்லை. டிஎக்ஸ்டியை ஏன் தொட வேண்டும்? தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? இரவு அச்சகம் காத்திருக்கும்போது ஆசிரியரின் திருத்தங்கள் ஏயும் ஆருமாகத் தெரிந்த அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால், ஆறு வருடம் எனக்குச் சோறு போட்ட மென்பொருள் என்று இவ்வளவு சொன்ன பிறகும், அக்காவிடம் "இப்ப வேண்டாம்" என்றுதான் சொன்னேன். "நல்லாருக்குன்னு நீயே சொல்ற, அப்புறம் ஏன்பா வேண்டாங்குற?" என்று கேட்டார். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கான வேலையாக அவர் மேசையில் ஏழு புத்தகம் கிடக்கிறது. பழைய பதிப்பில் அவை திறக்கின்றன, அது போதும். பொங்கல் முடிந்ததும் நானே தஞ்சாவூர் வந்து ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். முதலில் பட்டியலை நகலெடுப்பேன், அடுத்து வைன்சிஎஃப்ஜியில் அந்தக் குறியை எடுப்பேன். அவர் கணினியில் மூன்று பிரிஃபிக்ஸ் இருக்கிறதாம், மூன்றிலும் எடுப்பேன். பேஜ்மேக்கரைத் திறந்து பார்ப்பது அதற்கப்புறம்தான்.