வீட்டிலிருந்தே வருமானம்: மூன்று அழைப்புகளில் எது அதிகம் பறிக்கும்?

திருகோணமலையில் மழைக்காலம் தொடங்கி, நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகளின் வரவு குறைந்துவிட்டால், அவர்களை நம்பிய வீடுகளில் வருமானமும் படுத்துவிடும். ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்ற செய்திகளுக்கு மனம் இளகுவது அப்போதுதான். அவை பெரும்பாலும் மூன்று வகை: பென்சில் அடைக்கும் வேலை, டெலிகிராம் செயலி வழியே வரும் வேலை, ஆள் சேர்க்கும் வியாபாரம். மூன்றும் ஏமாற்றுத்தான். ஆனால் பறிக்கும் விதமும் அளவும் ஒன்றல்ல.

பென்சில்களைப் பெட்டியில் அடைத்துக் கொடுக்கும் வேலை பழைய சரக்கு. பதிவுக் கட்டணம், மூலப்பொருளுக்கு வைப்புப் பணம், கூரியர் செலவு என்று சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு தொலைபேசியை நிறுத்திவிடுவார்கள். எந்தத் தொழிற்சாலையாவது கொழும்பிலிருந்து உப்புவெளிக்குப் பென்சில்களை அனுப்பி, அடைத்தபின் திருப்பி எடுக்குமா? கூரியர் கூலியே இலாபத்தைத் தின்றுவிடும். இரண்டு நிமிடம் கணக்குப் பார்த்தால் வெளுத்துவிடும் பொய் இது.

டெலிகிராம் வேலை அப்படியல்ல. ‘முன்பணம் கேட்டால் மோசடி’ என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கும் அறிவுரை இங்கே செல்லாது. அவர்கள்தான் முதலில் பணம் தருகிறார்கள். காணொளிகளுக்கு ‘லைக்’ போட்டதற்குச் சில நூறு ரூபாய் உண்மையாகவே வங்கிக் கணக்கில் விழும். பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே பலர் தாங்கள் பெற்ற இலாபத்தின் படங்களைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களும் அதே கூட்டத்து ஆட்கள்தான். ஐயாயிரம் கட்டினால் ஆறாயிரத்துக்கு மேல் திரும்பும். ஐம்பதாயிரம் கட்டியதும், திரையில் தொகை ஏறும், கைக்கு வராது. எடுக்கப்போனால் வரி கட்டு, நீ செய்த பிழையால் எல்லோருடைய பணமும் முடங்கிவிட்டது, அதற்கும் கட்டு என்பார்கள். திரையில் தெரிவது அவர்கள் தட்டச்சு செய்த இலக்கம் மட்டுமே. ஒவ்வொரு முறையும் வேறொரு தனிநபரின் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அந்தக் கணக்குகளில் பல கொமிஷனுக்கு இரவல் வாங்கியவை. ‘உங்கள் வங்கிக் கணக்கைத் தந்தால் போதும்’ என்று வரும் இன்னொரு ‘வேலை’ இதற்குத்தான். பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரின் வீட்டுக்கு.

ஆள் சேர்க்கும் வியாபாரத்தை அந்நியர் கொண்டுவருவதில்லை, மச்சாளோ பழைய வகுப்புத் தோழியோ கொண்டுவருவார். மறுப்பது கடினம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எனக்குக் கீழே ஒருவரும் சேராவிட்டால், பொருளை விற்று மட்டும் நான் பிழைக்க முடியுமா? முடியாது என்றால் அது பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. சேர்ந்தவர் பிறரைச் சேர்த்தால் அவரும் குற்றவாளியாகலாம். கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்கள். அது கம்பனி இருப்பதற்குச் சான்று; இந்த வியாபாரத்துக்கு அனுமதி அல்ல. தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்லது என்றும் ஆகிவிடாது.

இவற்றுக்குப் பக்கத்தில் உண்மையான வீட்டு வேலையை வைத்துப் பாருங்கள். விடுதிக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பதும் கூலிக்குச் சட்டை தைப்பதும் அலுப்பான வேலைகள், வருமானமும் குறைவு. ஆனால் பணம் தருபவர் யார், எதற்குத் தருகிறார் என்று விரல் நீட்டிக் காட்டலாம்.

என் கணிப்பில் பென்சில் வேலைதான் மூன்றிலும் சிறிய இழப்பு. ஆள் சேர்ப்பில் பணத்தோடு உறவும் போகும். சேமிப்பைத் துடைத்துக் கடனாளியாக்குவதில் டெலிகிராமை மிஞ்ச ஒன்றில்லை. கணினி தெரிந்த இளையோரும் அதில் விழுகிறார்கள்.

பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். பெறுநரின் கணக்கை முடக்க வாய்ப்பிருப்பது ஆரம்ப மணித்தியாலங்களில்தான். உரையாடல்களை அழிக்காமல் பொலிஸிடம் கொண்டுபோங்கள். சில நாட்களில் ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம்’ என்று இன்னொருவர் அழைக்கக்கூடும். அவரும் கட்டணம்தான் கேட்பார்.