பட்டியலா, பத்தியா?

அவசரத்தில் இருப்பவரிடம் ஒரு நீளமான பத்தியைக் கொடுத்தால் முதல் இரண்டு வரியைப் படிப்பார், அப்புறம் விரல் தானாகத் திரையைத் தள்ளும். அதையே எண் போட்ட ஐந்து புள்ளிகளாக உடைத்துக் கொடுங்கள், ஐந்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். 1997-இல் இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட சோதனை முடிவும் இதைத்தான் காட்டியது: புதிய இணையப் பக்கத்தை 79 சதவீதம் பேர் மேலோட்டமாக மேய்ந்தார்கள், சொல் விடாமல் படித்தவர்கள் 16 சதவீதம்தான்.

'7 வழிகள்' என்று தலைப்பிலேயே இருந்தால் எவ்வளவு நேரம் போகும் என்று படிப்பவருக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடுகிறது. நாலில் நிறுத்தினால் ஐந்திலிருந்து தொடரலாம். பத்தியில் இந்த வசதி கிடையாது.

படிப்படியாகச் செய்யும் வேலைக்கும் பட்டியல்தான். 1935-இல் போயிங்கின் மாடல் 299 சோதனை விமானம் கிளம்பியவுடன் விழுந்து நொறுங்கியது. தரையில் நிற்கும்போது சுக்கான்கள் காற்றில் ஆடாதிருக்கப் போடும் பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள். விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த இடத்தில் அழகான உரைநடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் ஒரு விஷயத்தை விளக்கவோ முடிவெடுக்கவோ வேண்டுமென்றால் கதை மாறுகிறது. இந்தக் குறிப்பைப் பாருங்கள்:

1. வெளியீடு தள்ளிப்போகிறது.
2. சோதனை முடியவில்லை.
3. குழுவில் புதியவர் சேர்ந்திருக்கிறார்.

புதியவரால் தாமதமா, தாமதத்தைச் சமாளிக்கத்தான் அவரைச் சேர்த்தார்களா? 'சோதனை முடியாததால் வெளியீடு தள்ளிப்போகிறது. அதை முடிக்கத்தான் புதியவரைச் சேர்த்திருக்கிறோம்' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வராது. 'ஆல்', 'அதனால்', 'இருந்தாலும்' எல்லாம் எண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் விழுந்துவிடுகின்றன. எழுதியவருக்கே காரணம் தெரியாவிட்டாலும் பட்டியல் அதை மறைத்துக் கொடுக்கும்.

2003-இல் கொலம்பியா விண்கலம் திரும்பும் வழியில் சிதறி 7 பேர் இறந்தார்கள். பறந்துகொண்டிருந்தபோதே பொறியாளர்கள் தயாரித்திருந்த ஒரு ஸ்லைடை விசாரணைக் குழு பின்னர் குறை சொன்னது. கிளம்பும்போது இறக்கையில் மோதிய நுரைத் துண்டு, சோதனைகளில் பயன்படுத்தியதைப் போல 640 மடங்கு பெரியது. அந்தத் தகவல் அடுக்கடுக்கான புள்ளிகளுக்குக் கீழே, கடைசி வரியில் கிடந்தது. மேலே தலைப்போ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது.

2004-இல் அமேசானின் ஜெஃப் பெசோஸ் உயர்மட்டக் கூட்டங்களில் ஸ்லைடுக்குத் தடை போட்டார். முழு வாக்கியங்களில் குறிப்பு எழுதி வர வேண்டும், கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். அங்கே இருந்தவர்களுக்கும் நேரம் இல்லாமல்தான் இருந்திருக்கும்.

நான் செய்வது ஒரு சின்ன சோதனை. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 'அதனால்' போட்டுப் பார்ப்பேன். பொருந்தினால் இரண்டையும் பத்தியில் சேர்த்துவிடுவேன். போன வாரம் எழுதிய 10 அம்சப் பட்டியலில் 4 அப்படிக் கரைந்தன. மிச்சம் ஆறில் இரண்டு ஒரே விஷயம். பத்து வரட்டும் என்று நானே பிரித்து வைத்திருந்தேன்.