ஈஸ்ட்ஹாமில் ஒரு மாடிக் கந்தோரும் என் ஆறு சம்பளச் சிட்டைகளும்

யாழ்ப்பாணத்திலிருக்கும் கணவரைப் பிரித்தானியாவுக்குக் கூப்பிடும் விசாவுக்கு ஆலோசனை கேட்டு 120 பவுண் கொடுத்தேன். "இப்போது விண்ணப்பிக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லி ஆலோசகர் அனுப்பிவிட்டார். இருந்தும் இந்த இடத்துக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சிறிய குடிவரவு ஆலோசனைக் கந்தோர் அது. பெயர் போடவில்லை, ஏற்கெனவே கூட்டம் தாங்க முடியவில்லை என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆலோசகர் ஒருவர்தான், அறுபது வயது இருக்கும். அரசப் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. நான் போனது 2025 பெப்ரவரியில். பதிவோ வேறு அங்கீகாரமோ இல்லாதவர் இந்நாட்டில் தொழிலாகக் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். இதை நான் 250 பவுண் இழந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த 250 பவுண் போன இடம் வேறு. விமான டிக்கெட் விற்கும் கடை ஒன்றில், "பி60 (முதலாளி ஆண்டு முடிவில் தரும் சம்பள, வரிச் சான்று) இருந்தால் போதும், மிச்சத்துக்கு உங்கள் அத்தான் பொறுப்பேற்பதாக ஒரு கடிதம் தரட்டும்" என்றார்கள். இந்த ஐயாவிடம் அதைச் சொன்னபோது சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அத்தானின் வாக்குறுதி சாதாரணமாக வருமானக் கணக்கில் சேராது, பிள்ளை. காசை உங்களுக்கே அன்பளிப்பாகக் கொடுத்து, அது உங்கள் கையில் ஆறு மாதம் இருந்தால் சேமிப்பு. கடன் என்றால் அதுவும் இல்லை" என்றார்.

என் நிலைமை இதுதான். நான் முதியோர் இல்லத்தில் மணிக்கூலிக்கு வேலை செய்கிறேன். கணவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர். அங்கே அவர் வாங்கும் சம்பளத்தில் ஒரு சதமும் இங்கே கணக்கில் வராது. கணவனையோ மனைவியையோ கூப்பிடுபவர் காட்ட வேண்டிய, 2012 முதல் 18,600 பவுணாக இருந்த ஆண்டு வருமான வரம்பை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆக்கிவிட்டார்கள். என் மச்சாள் 2019இல் பழைய வரம்பில் கணவரைக் கூப்பிட்டுவிட்டாள். எங்கள் கல்யாணம் நடந்தது 2024 ஆகஸ்டில்.

ஐயா முதலில் என் சிட்டைகளை மேசையில் மாதவாரியாக அடுக்கினார். பிறகு ஒரு மர அடிமட்டத்தை எடுத்து வங்கி அறிக்கையின் ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். நவம்பரில் அடிமட்டம் நின்றுவிட்டது. சிட்டையில் கைக்கு வரவேண்டிய தொகை 2,071.36. வங்கியில் விழுந்தது 1,921.36. அந்த 150 பவுணை முன்பணமாகக் கையில் வாங்கியதை நான் அடியோடு மறந்துவிட்டிருந்தேன். "அதை முதலாளியின் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்" என்றார். ஜனவரியில் வந்த 6,000 பவுணைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். சீட்டுக் காசு என்றேன். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு புன்னகை.

அதன் பிறகுதான் கணக்கு. மணிக்கூலிக்காரருக்கு வரி பிடிக்குமுன் உள்ள ஆறு மாதச் சம்பளத்தைக் கூட்டி, சராசரியை ஆண்டுக்கு ஆக்குவார்கள். ஆறு மாதத்தில் 14,500 பவுண் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை 13,890தான். குறைத்தது ஆகஸ்ட்: கல்யாணத்துக்காகச் சம்பளமில்லாத லீவில் போனதால் அந்த மாதம் 1,240 பவுண். கணவரைக் கைப்பிடிக்கப் போனதுதான் கணவரைக் கூப்பிட முடியாத காரணம்! ஆண்டுக்கு 1,220 பவுண் குறைவு. அதைச் சேமிப்பால் நிரப்பினால் என்ன என்று கேட்டேன். ஐயா கல்குலேட்டரைத் தட்டினார்: முதலில் 16,000, அதன் மேல் குறைவின் இரண்டரை மடங்கு. ஆக, 19,050 பவுண் ஆறு மாதமாக வங்கியில் கிடந்திருக்க வேண்டும். வருமானமே இல்லாதவர் என்றால் 88,500. என் சீட்டுக் காசு அங்கே சிறுத்துப் போய்விட்டது.

"பெப்ரவரிச் சிட்டை வரட்டும். ஆகஸ்ட் தானாகக் கணக்கிலிருந்து விழுந்துவிடும்" என்றார். அவ்வளவுதான் ஆலோசனை. பெப்ரவரிக்கு 2,480 வந்தது. ஆறு மாதக் கூட்டு 15,130, ஆண்டுக்கு 30,260. கடைசிச் சிட்டையின் திகதியிலிருந்து 28 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் மார்ச் நடுப்பகுதியில் அனுப்பினோம். அப்போது விண்ணப்பக் கட்டணம் 1,846, சுகாதாரக் கட்டணம் 3,105. ஒரு மாதம் முந்தியிருந்தால் விண்ணப்பக் கட்டணத்தையும் இழந்து ஒரு மறுப்புக் கடிதத்தையும் வாங்கியிருப்பேன்.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. தொலைபேசியை அவர் எடுப்பதில்லை. மூன்று தடவை நேரில் போக வேண்டியிருந்தது. படிகள் செங்குத்து, முழங்கால் வலிக்காரர் யோசித்துப் போகவும். போட்டோப் பிரதிக்குப் பக்கத்துக்கு 20 பென்ஸ் தனியாக வாங்குகிறார். ஆறுதல் வார்த்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்: பிரிந்து இருக்கும் கவலையைச் சொல்லி நான் கண் கலங்கியபோது, டிஷ்யூப் பெட்டியை நகர்த்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். முதலாளியின் கடிதத்தையும் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். முதல் கடிதத்தில் "இவர் இங்கே வேலை செய்கிறார்" என்று மட்டும் இருந்தது. எவ்வளவு காலமாக, என்ன சம்பளத்தில், அந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தரமா தற்காலிகமா என்பதெல்லாம் வேண்டுமாம். என் மேலாளருக்கு எரிச்சல், எனக்கும்தான்.

விசா கிடைத்தது. ஜூனில் கணவர் வந்தார். நன்றி சொல்ல வடைப் பொதியோடு இருவரும் படியேறிப் போனோம். ஐயா ஒரு வடையை எடுத்துக்கொண்டு கணவரைக் கேட்டார்: "வேலை கிடைத்துவிட்டதா தம்பி? இரண்டு வருடம் ஒன்பது மாதம் முடிவதற்குள் நீடிப்பு விண்ணப்பம் வரும். அப்போது உங்கள் சம்பளமும் சேரும். சிட்டைகளை எறிந்துவிடாதீர்கள்."