கான்ஷியஸா, அலேர்ட்டா?

நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதத்தில் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் மாற்றி எழுதினால், கல்முனை ஆஸ்பத்திரியில் வாசிப்பவர் வேறொரு ஆளை எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

‘கான்ஷியஸ்’ என்றால் அறிவு, அதாவது சுயநினைவு இருக்கிறது, அவ்வளவுதான். கூப்பிட்டால் கண் திறந்து, பெயரைச் சொல்லி, மறுபடி கண்ணயர்பவரும் கான்ஷியஸ்தான். ஆனால் அவர் அலேர்ட் இல்லை, ‘ட்ரௌசி’, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர். யாரும் கூப்பிடாமலே விழித்திருந்து, வருவோர் போவோரைக் கவனிப்பவரே அலேர்ட். கண், பேச்சு, அசைவு பார்த்து நினைவு நிலைக்குப் புள்ளி போடும் கிளாஸ்கோ அளவில் தானாகக் கண் திறந்தால் 4, கூப்பிட்டபின் திறந்தால் 3. அந்த ஒரு புள்ளி குறைவதும் தலையில் அடிபட்டவரிடம் பயப்பட வேண்டிய ஓர் அடையாளம். முழித்திருந்தும் இடம், நாள் குழம்பினால் பேச்சுக்கு 5 இல்லை, 4. அப்போது அலேர்ட் என்று மட்டும் எழுதுவது போதாது, குழப்பத்தையும் எழுத வேண்டும்.

பெரிய பொறி நமது ‘மயக்கம்’. தலைசுற்றுவதும் மயக்கம்தான், அறிவில்லாமல் கிடந்ததும் மயக்கம்தான். “அம்மாக்கு மயக்கம் வந்திட்டு” என்றால், பக்கத்தில் நின்றவரிடம் “கூப்பிடக்குள்ள பதில் சொன்னாவா?” என்று கேட்டு எழுதுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே வித்தியாசம் லேசு. யானை வரும் வட்டை (வயல்வெளி) இது என்று தெரிந்திருப்பவர் கான்ஷியஸ். பரணில் டோர்ச்சோடு, கிளை முறியும் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பவர் அலேர்ட். ஆங்கிலத்தில் கான்ஷியஸோடு ‘ஒஃப்’ (of) வரும், அலேர்ட்டோடு ‘டு’ (to). ‘கான்ஷியன்ஸ்’ வேறு சொல், மனச்சாட்சி.