வாட்டா, உயரமா: புயல் நாளுக்கான வாக்கி-டாக்கியும் கையடக்க ஆன்டெனாவும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உறவினர் எப்படி இருக்கிறார் என்று அறிய, விழுந்த மரங்களைத் தாண்டி ஆள் போய்ப் பார்த்து வர வேண்டியிருந்தது. அத்தகைய நாள்களுக்குப் பிறகு பலரும் கேட்கும் கேள்வி, எந்த வாக்கி-டாக்கி வாங்கலாம் என்பதுதான். பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோருக்கான அமெச்சூர் (ஹாம்) உரிமம் வைத்திருக்கும் ஒருவன் என்ற முறையில் நான் கண்டது, கருவிக்குக் கருவி இருக்கும் வேறுபாட்டைவிட அதன் தலையில் செருகியிருக்கும் ஆன்டெனாவும் அது நிற்கும் உயரமும் உண்டாக்கும் வேறுபாடு பெரிது என்பதாகும்.

முதலில் கருவிகளைப் பார்த்துவிடலாம். இந்தியாவில் சாதாரண மக்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அரை வாட் வரம்புக்குள் இயங்கும், உரிமம் தேவைப்படாத வாக்கி-டாக்கி. மற்றொன்று, ஹாம் உரிமம் பெற்றோர் 144–146 மற்றும் 434–438 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் பயன்படுத்தும், பெரும்பாலும் ஐந்து வாட் திறனுள்ள கையடக்கக் கருவி. முன்னதைப் பெட்டியைப் பிரித்த கையோடு பாட்டி முதல் பேரன் வரை யாரும் பேசலாம். ஆனால் அதன் ஆன்டெனாவைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடியாது. பின்னதற்குத் தேர்வு எழுதி, நம்மை அடையாளம் காட்டும் அழைப்புக் குறி பெற்ற பிறகே பேச முடியும். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு இல்லை என்பதால், ஆர்வமுள்ள பள்ளி மாணவர்கூடச் சில வாரங்கள் படித்துத் தேறிவிடலாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து வாட் கருவியை உரிமமின்றி வாங்கி, 'அவசரத்துக்குத்தானே' என்று வைத்திருப்பது சட்டப்படி குற்றம். போதாக்குறைக்கு, அது பழக்கமில்லாத கைகளில் காவல்துறை அல்லது மீட்புப் படையின் அலைவரிசையில் குறுக்கிட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்தால் ஐந்து வாட் கருவி பத்து மடங்கு பலமுள்ளதாகத் தோன்றும். நடைமுறையில் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஆன்டெனாவுக்குப் பொருத்தமான நீளம் கால் அலைநீளம்; 145 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். கருவியோடு வரும் குட்டையான ரப்பர் ஆன்டெனாவோ ஒரு சாண்கூட இருப்பதில்லை. தேவையான நீளத்தைச் சுருளாகச் சுற்றி ரப்பருக்குள் அடைத்திருப்பதால், கொடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெளியே போகாமல் வீணாகிறது. ஐந்து வாட் ஊற்றினால் ஒரு வாட் அளவுக்கே பயன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 446 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 17 சென்டிமீட்டர்தான் என்பதால், அந்தச் சிறிய கருவியின் ஆன்டெனா தன் அலைவரிசைக்கு ஓரளவு பொருத்தமான நீளத்தில் இருக்கிறது. ஆக, ரப்பர் ஆன்டெனாவை மாற்றப் போவதில்லை, தெருவுக்குள் பேசினால் போதும் என்பவர் உரிமம் தேவையில்லாத கருவியையே இரண்டாக வாங்கிக்கொள்ளட்டும். ஹாம் கருவியின் உண்மையான மேன்மை அதன் வாட்டில் இல்லை. ஆன்டெனாவைக் கழற்றி மாட்டலாம் என்பதில் இருக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். வாட்டைக் கூட்டினால் நம் குரல்தான் தூரம் போகும். எதிர்முனையில் இருப்பவரின் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்டுவிடாது. நல்ல ஆன்டெனா இரு திசையிலும் உதவுகிறது.

உயரத்தின் கணக்கு எளிது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அதன் ரேடியோ தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியும். இரு முனைகளுக்கும் அப்படிக் கண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். நெஞ்சுயரத்தில், அதாவது ஒன்றரை மீட்டரில், கருவியைப் பிடித்திருக்கும் இருவருக்கு இடையே இது 10 கிலோமீட்டர். ஒருவர் மட்டும் ஆன்டெனாவை 9 மீட்டருக்கு ஏற்றினால் 17 கிலோமீட்டருக்கு மேல். இருவரும் ஏற்றினால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இவை வெட்டவெளிக்கான எண்கள். வீடுகளும் தோப்புகளும் நிறைந்த இடத்தில் தரையில் நின்று பேசுவோர் இரண்டு, மூன்று கிலோமீட்டரிலேயே தடுமாறுவதைக் காணலாம். மலையே இல்லாத காவிரிச் சமவெளியில் மொட்டை மாடியும் ஒரு மூங்கிலும்தான் நமக்கு மலை.

அந்த மூங்கிலில் எதைக் கட்டுவது என்பதே அடுத்த தேர்வு. செலவே இல்லாத வழி, ரப்பர் ஆன்டெனாவின் அடிப்பகுதியிலுள்ள உலோக வளையத்தில் 49 சென்டிமீட்டர் வயர்த் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவதாகும். நடு ஊசியில் அது பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், கரகரப்பு குறைவதைக் காதாலேயே உணரலாம். இழுத்து நீட்டும் கம்பி ஆன்டெனா இதைவிட மேலானது. ஆனால் அதன் நீளத்துக்கு நெம்புகோல்போல் அசைந்து கருவியின் சிறிய திருகு முனையைப் பழுதாக்கிவிடும் என்பதால், நடந்துகொண்டே பேசுபவருக்கு அது ஏற்றதல்ல.

நான் பையில் வைத்திருப்பது சுருட்டி வைக்கக்கூடிய ஜே-போல் என்ற ஆன்டெனா. பழைய தொலைக்காட்சி ஆன்டெனாக்களிலிருந்து இறங்கிவந்த தட்டையான 300 ஓம் இரட்டைக் கம்பியை ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, உரிய இடத்தில், கருவியோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளைப் பற்றவைத்தால் இது தயார். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். நூல் கட்டி மரக்கிளையிலோ மாடிப்படிக் கூரையின் கொக்கியிலோ தொங்கவிட்டால் எல்லாத் திசைகளுக்கும் சமமாகப் பேசும்; எதிர்முனை எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது இதற்கு இணையில்லை. ஒரே குறை, உலோகக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டினால் கெட்டுப்போகும். மூங்கில்தான் இதற்கு நல்லது.

யாகியை, அதாவது மாடிகளில் நின்ற மீன்முள் வடிவத் தொலைக்காட்சி ஆன்டெனாவை, நம் கடற்கரை மாவட்டத்தாருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலங்கையின் ரூபவாகினி பார்ப்பதற்காக மாடியில் ஏறிக் கம்பத்தைத் திருப்பிக்கொண்டே 'இப்ப தெரியுதா?' என்று கீழே பார்த்துக் கத்திய தலைமுறை இது. பிவிசி குழாயில் எஃகு அளவு நாடாத் துண்டுகளைப் பொருத்தி வீட்டிலேயே செய்யும் மூன்று உறுப்பு யாகி, குறித்த ஒரு திசையில் ஆற்றலை மூன்று மடங்குபோல் குவிக்கும். நாடா வளையும் என்பதால் மடக்கி எடுத்துச் செல்லலாம். தொலைக்காட்சிக்குக் கம்பிகளைப் படுக்கையாக வைத்தோம். கையடக்கக் கருவியோடு பேச அவற்றை நெட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும். இதை மறந்தால் கிடைத்த ஆதாயம் போய், ரப்பர் ஆன்டெனாவைவிட மோசமாகிவிடும். ஊருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இடையே ஒரே தடத்தில் செய்தி அனுப்புவதற்கு யாகி. சிதறியிருக்கும் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பவருக்கு ஜே-போல்.

இவ்விரண்டையும் வீணாக்கக்கூடியது கேபிள். மெல்லியதும் சுருட்ட எளிதானதுமான ஆர்ஜி-174 கேபிளில் பத்து மீட்டர் ஓட்டினால், 145 மெகாஹெர்ட்ஸிலேயே பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வழியிலேயே தீர்ந்துவிடும். சற்றுத் தடித்த ஆர்ஜி-58 என்றால் ஐந்து வாட்டில் மூன்று வாட்டாவது மேலே சேரும். 435 மெகாஹெர்ட்ஸில் இழப்பு இன்னும் அதிகம். கேபிளை நீட்டுவதற்குப் பதிலாகக் கருவியோடு நாமே மாடி ஏறிவிடுவது பல நேரங்களில் லாபம்.

இரு பட்டைகளில் எது என்பதற்கு நீண்ட விவாதம் வேண்டியதில்லை: தோப்பும் வயலுமான ஊர்ப்புறத்துக்கு 145, கான்கிரீட் கட்டடங்களுக்குள் நுழைந்து பேசுவதற்கு 435.

ரிப்பீட்டரை நம்பலாமா என்பது சற்றுச் சிக்கலானது. உயரமான இடத்தில் நின்று நம் குரலை வாங்கி மறு ஒலிபரப்பு செய்யும் அந்த நிலையம் வேலை செய்யும்வரை, ரப்பர் ஆன்டெனாவோடும் மாவட்டம் முழுக்கப் பேசலாம். ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும், கம்பம் நிமிர்ந்து நிற்க வேண்டும். செல்போன் கோபுரத்தை வீழ்த்திய காற்று இதை மட்டும் விட்டுவைக்கும் என்று திட்டமிட முடியாது. ஆகையால் நேரடியாகப் பேசும் ஓர் அலைவரிசையைக் குழுவினர் முன்கூட்டியே முடிவு செய்து, கருவியின் முதல் சேனலில் பதிந்து வைத்திருப்பது நல்லது.

மாவட்டத்தைத் தாண்டிய தூரத்துக்குக் கையடக்கக் கருவி எதுவும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, போர்ட் பிளேரில் ஹாம் தொடர்புகளுக்காக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் குழுவினர் பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பியது சிற்றலைக் கருவியில்தான். அவ்வகைக் கருவிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் இருபுறமும் பத்துப் பத்து மீட்டராக நீளும் கம்பி போதும். அதைத் தாழ்வாகவே கட்டினால் அலை மேலே சென்று வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். இங்கு மட்டும் உயரம் பற்றிய என் வாதம் தலைகீழாகிறது.

பேட்டரியைப் பொறுத்தவரை, கருவி வாங்கும்போதே சாதாரண பென்சில் செல்களை இட்டுப் பயன்படுத்தும் பேட்டரிப் பெட்டி அதற்குக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாத ஐந்தாம் நாளில் சார்ஜரால் பயனில்லை, பெட்டிக்கடையில் செல் கிடைக்கக்கூடும். உயர்ந்த ஆன்டெனாவோடு ஒரு வாட்டில் பேச முடிந்தால் அதிலேயே பேசுவது பேட்டரியை நாள்கணக்கில் நீட்டிக்கும். காற்று வலுக்கும் முன்பே மூங்கிலை இறக்கிவிட வேண்டும்; ஜே-போலைச் சுருட்டிப் பையில் போட்டு, காற்று ஓய்ந்ததும், மின்கம்பி எதுவும் அருகில் அறுந்து கிடக்கவில்லை என்று பார்த்த பிறகே மீண்டும் ஏற்ற வேண்டும்.