லண்டன் காமெடி ஸ்டோர்: எந்தக் கிழமை போவது, எந்த வரிசையில் உட்காருவது

லண்டனைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் மாலையை மியூசிகலுக்கு ஒதுக்கிவிடுவார்கள். இன்னொரு மாலை மிச்சமிருந்தால், அதே லெஸ்டர் ஸ்கொயர் பக்கத்தில், பெரும்பாலும் மியூசிகலைவிடக் குறைந்த செலவில் பார்க்கக்கூடியது தி காமெடி ஸ்டோர் என்கிற நகைச்சுவை கிளப். ஆங்கில ஸ்டாண்ட்-அப்பை யூடியூபில் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு நேரில் பார்ப்பது வேறு அனுபவம். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் கிழமையைப் பார்க்க வேண்டும். தவறான கிழமையில் போய்விட்டு "ஒண்ணும் புரியலை" என்று திரும்புகிறவர்கள் உண்டு.

இடம் 1ஏ, ஆக்ஸென்டன் ஸ்ட்ரீட். பிக்காடிலி சர்க்கஸ் ஸ்டேஷனில் இறங்கி, கவென்ட்ரி ஸ்ட்ரீட்டில் லெஸ்டர் ஸ்கொயரை நோக்கி நடந்தால் வலது பக்கம் முதலில் ஹேமார்க்கெட் வரும், அதற்கடுத்த சிறிய தெருதான் ஆக்ஸென்டன். நிதானமாக நடந்தாலும் ஐந்து நிமிடம். அரங்கம் தரைக்குக் கீழே இருக்கிறது, சுமார் 400 இருக்கைகள். தாழ்ந்த கூரை, நெருக்கி அடித்த நாற்காலிகள், மேடைக்குப் பின்னால் பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெரிய வாய். இந்த நெருக்கத்தைக் குறை என்று சொல்ல முடியாது. சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்து தொற்றுகிற விஷயம், விசாலமான அரங்கில் அது பாதி வழியிலேயே செத்துவிடும். கால் நீளமானவர்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கொஞ்சம் கஷ்டம். குளிர்காலத்தில் கனத்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார நேரிடலாம். சூட்கேஸோடு நேராக ஏர்போர்ட்டிலிருந்து வருகிற யோசனையே வேண்டாம்.

1979 மே மாதம், சோஹோவில் ஒரு ஸ்ட்ரிப் கிளப்பின் மேல்மாடியில் டான் வார்டும் பீட்டர் ரோசன்கார்டும் தொடங்கிய கிளப் இது. மார்கரெட் தாட்சர் பிரதமரானதும் அதே மாதம்தான். மாமியார் ஜோக்கும் இனத்தைக் கிண்டல் செய்யும் ஜோக்கும் போதும் என்று ஒதுக்கிய ஒரு புதுத் தலைமுறை இங்கிருந்து கிளம்பியது. முதல் தொகுப்பாளர் அலெக்ஸி சேல். இப்போதிருக்கும் ஆக்ஸென்டன் ஸ்ட்ரீட் கட்டடத்துக்கு 1993-இல் வந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1972 முதல் இருக்கும் தி காமெடி ஸ்டோர் வேறு கிளப். அதைப் பார்த்துத்தான் இங்கே பெயர் வைத்தார்கள். அதனால் இணையத்தில் தேடி டிக்கெட் எடுக்கும்போது ஊரையும், விலை பவுண்டில் இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி கிழமைக்கு வருவோம். வாரக் கடைசியில், அதாவது வியாழன் முதல் சனி வரை நடப்பதுதான் வழக்கமான ஸ்டாண்ட்-அப். ஒரு தொகுப்பாளர், நான்கு பேர் வரை கலைஞர்கள், ஆளுக்குச் சுமார் இருபது நிமிடம், நடுவே இடைவேளை. தொகுப்பாளரை நம் பட்டிமன்ற நடுவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் வெறுமனே பெயர் அறிவித்துவிட்டு உட்காருகிற ஆள் இல்லை. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அவரே கூட்டத்தைச் சூடேற்றுவார். ஒருவர் ஜோக் எடுபடாமல் இறங்கினால், அந்த அமைதியைத் துடைத்து அடுத்தவருக்குத் தரையைச் சுத்தமாகக் கொடுப்பதும் அவர் வேலைதான். நான்கு பேரில் ஒருவர் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், இன்னொருவர் பேசும் ஆங்கிலம் காதில் ஏறாமல் போகலாம். மீதி இரண்டு பேர் டிக்கெட் காசுக்கு ஈடு கட்டிவிடுவார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு இந்த நாட்களே சரி, அதிலும் வியாழன். வெள்ளி, சனியில் ஆபீஸ் கும்பலும் பேச்சுலர் பார்ட்டி கும்பலும் பியர் டம்ளரோடு வந்து உட்கார்ந்திருக்கும்.

ஞாயிறு இரவு காமெடி ஸ்டோர் பிளேயர்ஸ். 1985-இல் தொடங்கிய இம்ப்ரோ குழு. மைக் மையர்ஸ், பால் மெர்டன், நீல் மல்லார்க்கி எல்லாம் ஆரம்ப காலத்து ஆட்கள். இதில் ஸ்கிரிப்ட் கிடையாது. கூட்டத்திடம் ஒரு இடம், ஒரு தொழில், ஒரு பொருள் கேட்பார்கள், அதை வைத்து அங்கேயே காட்சி கட்டுவார்கள். ஆங்கிலம் ஓரளவுதான் பழக்கம் என்கிற பெற்றோரையோ நண்பரையோ கூட்டிப் போனால் இதுதான் நல்லது என்பது எங்கள் கட்சி. கதை கண் முன்னே முதலிலிருந்து வளர்வதால் வார்த்தை தவறினாலும் உடல்மொழி இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்டாண்ட்-அப்பில் ஒரு சொல் தவறினால் அந்த ஜோக் அவ்வளவுதான்.

மாதத்தின் கடைசித் திங்கள் கிங் காங். சினிமாக் குரங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது கோயில் சேகண்டி மாதிரித் தட்டுகிற காங். மேடைக்குப் புதிதானவர்கள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். பார்வையாளர்களில் மூன்று பேரிடம் சிவப்பு அட்டை கொடுத்திருப்பார்கள். முதல் அட்டை எழுந்ததும் மேடையில் இருப்பவர் குரல் லேசாக மாறும். பேச்சு வேகமாகும், ஜோக்குக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியை முழுங்கிவிடுவார். இடைவெளி போனால் சிரிப்பும் போகும், சிரிப்பு போனதும் இரண்டாவது அட்டை. அதற்குள் கூட்டம் ஊளையிட ஆரம்பித்திருக்கும். மூன்றாவது அட்டையும் தலைக்கு மேல் போன நொடி காங் ஒலிக்கும், வாக்கியம் பாதியில் நிற்க ஆள் இறங்கிவிட வேண்டும். நாற்பதாவது விநாடியில் இறங்குகிறவர்களும் உண்டு. ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்களுக்குள் கடைசியில் கைதட்டலை வைத்து ஒருவரை அன்றைய ராஜா ஆக்குவார்கள். டிக்கெட் வாரக் கடைசியைவிட மலிவு. பார்க்க விறுவிறுப்புதான், ஆனால் நல்ல ஸ்டாண்ட்-அப் பார்க்க வந்தேன் என்பவர் இந்த நாளை எடுத்தால் ஏமாற்றம். ஜல்லிக்கட்டுக்குப் போய்விட்டு மாட்டின் அழகை ரசிக்க முடியவில்லை என்று சொல்வது போலத்தான்.

ஆகஸ்டில் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்த மாதம் எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழா. பிரிட்டனின் காமெடியன்களில் பெரும்பகுதி அங்கே போய் முகாமிட்டுவிடும். லண்டன் கிளப்புகள் மூடிவிடாது, ஆனால் பட்டியலில் பழக்கமான பெயர்கள் குறையும். பெயர் பார்த்துப் போகிறவர்கள் வேறு மாதம் பார்க்கலாம். ரோமேஷ் ரங்கநாதனைத் தேடி வருகிற தமிழர்கள் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு க்ராலியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து மேடைக்கு வந்தவர். அவர் இப்போது தனியாகப் பெரிய அரங்குகளை நிரப்பும் ஆள். கிளப்பின் வாராந்திரப் பட்டியலில் அப்படிப்பட்டவர்களை எதிர்பார்த்துப் போகக்கூடாது.

புரிவதில் சிக்கல் எங்கே வருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இலக்கணமோ சொல்வளமோ தடையாக இருக்காது. இருபது வருடம் ஆங்கிலத்தில் மெயில் எழுதியவரும் இங்கே விழிப்பார். காரணம் ஊர்ப் பெயர்களும் கடைப் பெயர்களும். க்ராய்டன், ஸ்விண்டன், ஹல் என்று ஒரு பெயரைச் சொன்னாலே 400 பேர் சிரிப்பார்கள். நம் ஊரில் சில பேட்டைப் பெயர்களைச் சொன்னதும் ஒரு கூட்டம் குறும்பாகச் சிரிக்குமே, அது மாதிரி. கிரெக்ஸ் என்பது சாசேஜ் ரோல் விற்கும் மலிவு பேக்கரி, வெதர்ஸ்பூன்ஸ் மலிவான பப் சங்கிலி, வெய்ட்ரோஸ் பணக்காரர்கள் காய்கறி வாங்கும் சூப்பர் மார்க்கெட். இந்த மூன்றும் தெரிந்தாலே வர்க்கத்தை வைத்துச் சொல்லும் ஜோக்குகளில் பாதி பிடிபடும். இன்னும் சில: பேன்ட்ஸ் என்றால் அங்கே ஜட்டி, போட்டுக்கொண்டு வந்திருப்பது ட்ரவுசர்ஸ். வட இங்கிலாந்துக்காரர் டீ சாப்பிட்டேன் என்றால் இரவுச் சாப்பாடு. பிஸ்ட் என்றால் போதை, கோபமில்லை. க்விட் என்பது பவுண்ட்.

அடுத்தது உச்சரிப்பு. கிளாஸ்கோ, நியூகாசில், பெல்ஃபாஸ்ட் ஆட்கள் பேசும்போது முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே பிடிபடாது. பதற வேண்டாம், காது தானாகப் பழகும். இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. நமக்குப் பஞ்ச் என்றால் ஹீரோ விரலை நீட்டிச் சொல்லும் வசனம். இங்கே பஞ்ச் என்பது ஜோக் வெடிக்கிற கடைசிச் சொல். அதைக் கத்திச் சொல்ல மாட்டார்கள், பல நேரம் குரலைத் தணித்து அலட்சியமாகப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். அந்த ஒரு சொல் காதில் விழுவதற்காகவே ஸ்பீக்கருக்கு நேராக, நடு வரிசையில் உட்கார வேண்டும். அதேபோல் முதல் பத்து நிமிடத்தில் சொன்ன ஒரு சின்ன விவரம் கடைசியில் திரும்பி வரும். அதற்குத்தான் பெரிய சிரிப்பு விழும். நடுவில் வாட்ஸ்அப் பார்த்தவருக்கு அது போச்சு.

இருக்கைக்கு எண் கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதலில். கதவு திறக்கும் நேரம் டிக்கெட்டில் இருக்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் வரிசையில் நின்றால் நான்காவது முதல் எட்டாவது வரிசைக்குள் நடு இடம் கிடைக்கும். முன் வரிசை தொகுப்பாளரின் வேட்டைக்காடு. தாமதமாக வருகிறவருக்கு மிஞ்சுவதும் பெரும்பாலும் அதுதான், ஏனென்றால் உள்ளூர்க்காரர்கள் அதை விட்டுவிட்டு உட்காருவார்கள். நிகழ்ச்சி நடக்கும்போது எழுந்து பாத்ரூம் போனாலும் கதை முடிந்தது, திரும்பி வரும்வரை உங்களைப் பற்றித்தான் பேச்சு.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? கேள்விகள் எப்போதும் இவைதான்: பெயர் என்ன, எங்கிருந்து, என்ன வேலை, பக்கத்தில் இருப்பவர் யார். உண்மையை நான்கு சொல்லில் சொல்லிவிட்டுச் சிரித்தால் போதும். "சென்னை. சாஃப்ட்வேர். பக்கத்துல என் மனைவி." அவருக்குத் தேவையானது அவ்வளவே. நாமும் பதிலுக்கு ஜோக் அடிக்கலாம் என்று இறங்குகிறவர்தான் அடி வாங்குவார். மைக் அவர் கையில் இருக்கிறது, ராத்திரிக்கு ராத்திரி இதே வேலையைச் செய்கிறவர் அவர். நடுவில் சவுண்டு விடுவதும் அப்படித்தான். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட ஆளைப் பார்த்து மொத்த அரங்கும் சிரிக்கும். வீடியோ எடுப்பது கண்டிப்பாகக் கூடாது. அந்த இருபது நிமிடம்தான் கலைஞரின் பிழைப்பு, இணையத்தில் போனால் அடுத்த ஊரில் அது செல்லாக்காசு.

கெட்ட வார்த்தைக்கும் படுக்கையறைப் பேச்சுக்கும் குறைவிருக்காது. அனுமதியும் 18 வயதுக்கு மேல்தான். இளமையாகத் தெரிகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது. மாமனார் மாமியாரோடு போவது பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

செலவில் லண்டனுக்கு ஒரு வசதி இருக்கிறது. நியூயார்க்கின் காமெடி செல்லர் போன்ற கிளப்புகளில் டிக்கெட்டுக்கு மேல் ஆளுக்கு இரண்டு ஐட்டம் வாங்கியே ஆக வேண்டும், மேல் டிப்ஸ் வேறு. கடைசிக் கலைஞர் பேசிக்கொண்டிருக்கும்போதே பில் வந்து மேசையில் உட்காரும், அரங்கில் பாதிப் பேர் போன் வெளிச்சத்தில் இருபது சதவீதம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். லண்டனில் அந்தக் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால் பாருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம், அங்கே டிப்ஸ் வைக்கும் வழக்கமும் இல்லை. குடிக்காதவர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. மது விற்கும் எந்த இடமும் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். "டாப் வாட்டர்" என்று கேட்க வேண்டும், வெறும் வாட்டர் என்றால் பாட்டில் வரலாம். இடைவேளையில் பாருக்கும் பாத்ரூமுக்கும் ஒரே நேரத்தில் கூட்டம் பாயும். பாத்ரூமை முதலில் முடியுங்கள்.

திரும்பும் வழியை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும், குறிப்பாகப் பிந்திய காட்சிக்குப் போகிறவர்கள். வெள்ளி, சனி இரவுகளில் பிக்காடிலி, நார்தர்ன், ஜூபிலி, விக்டோரியா, சென்ட்ரல் ஆகிய ஐந்து லைன்களில் இரவு ரயில் உண்டு. டூட்டிங்கில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் லெஸ்டர் ஸ்கொயரில் நார்தர்ன் லைன் ஏறினால் நேராக டூட்டிங் பிராட்வே. வெம்பிளிக்காரர்கள் ஜூபிலியில் வெம்பிளி பார்க் போகலாம். அல்பர்டனுக்கு இரவு ரயில் கிடையாது, பிக்காடிலி லைனின் அந்தக் கிளை இரவில் ஓடாது. ஈஸ்ட் ஹாம்தான் இடைஞ்சல். டிஸ்ட்ரிக்ட் லைனில் இரவுச் சேவையே இல்லை, சென்ட்ரல் லைனில் ஸ்ட்ராட்ஃபர்ட் வரை போய் அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். மற்ற நாட்களில் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும்.